படத்தில் இல்லாதவர்கள்: தோமஸ் டெல்போர்டும் கோர்பாக் கால்வாயும்

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் கோர்பாக் என்றொரு சிறிய கிராமம் இருக்கிறது. இணையத்தில் அதன் பெயரைத் தேடினால் கிடைக்கும் புகைப்படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. முன்னால் கல்விளிம்பு கட்டிய ஒரு தடாகம். அதில் மீன்பிடிப் படகுகளும் பாய்மரப் படகுகளும் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். கடலைப் பார்த்தபடி குள்ளமான ஒரு வெள்ளை வெளிச்சவீடு. பின்னால், பிரித்தானியாவின் மிக உயரமான மலையான பென் நெவிஸ். அதன் உயரம் 1,345 மீற்றர். பல படங்களில் அதன் உச்சி மேகத்துக்குள் மறைந்திருக்கும். சற்றுத் தள்ளி, கடற்கரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் பழைய மீன்பிடிப் படகு ஒன்றையும் புகைப்படக்காரர்கள் விடுவதில்லை.

அழகான படங்கள்தான். ஆனால் அவற்றில் மனிதர்கள் குறைவு. தடாகத்தை யார் வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள், வெட்டியவர்களுக்கு என்ன நடந்தது என்பதைப் படம் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள, 1834 இல் இறந்துபோன ஒரு மனிதரின் வாழ்க்கைக்குள் போகவேண்டும். அவர் பெயர் தோமஸ் டெல்போர்ட். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839 இல். அதனால் இத்தனை ஆயிரம் முறை படம்பிடிக்கப்பட்ட இந்தத் தடாகத்தை அமைத்தவரின் புகைப்படம் ஒன்றுகூட இல்லை.

இடையனின் மகன்

டெல்போர்ட் 1757 ஓகஸ்ட் 9 ஆம் திகதி, ஸ்கொட்லாந்தின் தெற்கு எல்லையோரம் உள்ள எஸ்க்டேல் பள்ளத்தாக்கில் பிறந்தார். தந்தை ஜோன் ஒரு செம்மறி இடையர். மகன் பிறந்து சில மாதங்களில், அதே ஆண்டு நவம்பரில், அவர் இறந்துபோனார். தாய் ஜெனற் கைக்குழந்தையோடு தனித்து நின்றார். இன்னொரு குடும்பத்தோடு பகிர்ந்துகொண்ட ஒரு சிறு குடிசையில்தான் பிள்ளை வளர்ந்தது. கோடை காலங்களில் அயலவர்களின் ஆடுகளை மேய்த்து, கிடைத்த காலத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனான் சிறுவன்.

பிறகு கல் மேசன் வேலை பழக அனுப்பப்பட்டான். முதலில் போன இடத்தில் எஜமான் கொடுமைப்படுத்தியதால் ஓடி வந்துவிட்டான். அடுத்ததாக லாங்கம் என்ற சிற்றூரில் ஒரு மேசனிடம் சேர்ந்து தொழிலை முழுமையாகக் கற்றான். அந்த ஊரில் வசதியான ஒரு பெண்மணி தன் புத்தகங்களை அவனுக்குப் படிக்கக் கொடுத்தார். பகலில் கல், இரவில் புத்தகம். சம்பாதிக்கத் தொடங்கியதும் அவர் செய்த காரியங்களில் ஒன்று, தந்தையின் கல்லறைக்கு ஒரு நினைவுக்கல் செதுக்கியது. முப்பத்து மூன்று ஆண்டுகள் குற்றமில்லாத இடையனாக வாழ்ந்தவர் என்று அதில் பொறித்தார். தான் முகம் பார்த்தே அறியாத தகப்பனுக்கு அவரால் கொடுக்க முடிந்தது அதுதான்.

1780 இல் எடின்பரோவில் புதிய நகரம் எழுந்துகொண்டிருந்தது. அங்கே வேலைக்குப் போனார். 1782 இல் லண்டனுக்குப் போய் சமர்செற் ஹவுஸ் கட்டடத்தில் கல் வேலை செய்தார். பிறகு போர்ட்ஸ்மத் கப்பல்தளத்தில் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்தார். எஸ்க்டேலைச் சேர்ந்த செல்வந்தரும் நாடாளுமன்ற உறுப்பினருமான வில்லியம் புல்ற்னி அவரை அறிந்து ஆதரித்தார். அந்த ஆதரவில் 1787 இல் ஷ்ரொப்ஷயர் மாவட்டத்தின் பொது வேலைகளுக்கான பொறுப்பாளர் ஆனார். பல்கலைக்கழகம் போகாத மேசன் ஒருவர் இப்படித்தான் பொறியியலாளர் ஆனார்.

தூரத்தில் இருந்தபோதும் தாயை அவர் மறக்கவில்லை. கையெழுத்தை வாசிக்க அவர் சிரமப்படுவார் என்பதால், அச்செழுத்துப் போல ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து எழுதிக் கடிதங்கள் அனுப்புவார். ஊர்க்காரர் எவரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாமல், அடுப்பங்கரையில் இருந்து தாயே வாசிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். ஜெனற் 1794 இல் காலமானார். அதற்கடுத்த ஆண்டு டெல்போர்ட் தனக்குப் பெரும் புகழைத் தந்த வேலையைத் தொடங்கினார். வேல்ஸில் டீ ஆற்றுக்கு மேலே, 126 அடி உயரத்தில், இரும்புத் தொட்டிக்குள் கால்வாயைக் கொண்டு செல்லும் பொன்கிசல்ற்றே பாலம் அது. 1805 இல் திறக்கப்பட்டது. இன்றும் அதன்மேல் படகுகள் போகின்றன.

போர் முடிந்த நிலம்

டெல்போர்ட் ஸ்கொட்லாந்துக்காரர்தான். ஆனால் கோர்பாக் இருக்கும் மலைநாடு அவருடைய நாடு அல்ல. தெற்கே பேசப்படும் மொழி வேறு. மலைநாட்டில் கேலிக் மொழி பேசப்பட்டது. மக்கள் குலங்களாக வாழ்ந்தார்கள். குலத்தலைவனுக்காகப் போருக்குப் போவதும், பதிலுக்கு அவனுடைய நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயிரிடுவதும் அவர்களது வழக்கம். அந்த நிலத்துக்கு அவர்களிடம் எழுத்தில் உறுதி எதுவும் இல்லை.

டெல்போர்ட் பிறப்பதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்னர், 1746 ஏப்ரல் 16 ஆம் திகதி, கலோடன் என்ற வெளியில் அந்த வாழ்க்கை தோற்றது. ஸ்ருவர்ட் அரச குடும்பத்தை மீண்டும் அரியணையில் ஏற்றுவதற்காக எழுந்த கிளர்ச்சியை அரசப் படை ஒரு மணி நேரத்துக்குள் முறியடித்தது. களத்தில் காயப்பட்டுக் கிடந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். பிறகு படைகள் கிராமங்களுக்குள் புகுந்தன. வீடுகள் எரிக்கப்பட்டன, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. கோர்பாக்குக்கு வடக்கே இருந்த கமரன் குலத்தலைவரின் அக்னகரி இல்லமும் எரிந்தது. ஆயுதம் வைத்திருப்பது குற்றமானது. மலைநாட்டு ஆண்களின் பாரம்பரிய உடையையும் சட்டம் தடை செய்தது. அந்தத் தடை 1782 வரை நீடித்தது. கோர்பாக்கிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில், ஃபோர்ட் வில்லியம் கோட்டையில், படை நிலைகொண்டிருந்தது.

குலத்தலைவர்களின் நிலங்கள் பறிக்கப்பட்டுப் பின்னர் பலருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டன. கமரன்களின் நிலம் 1784 இல் திரும்பியது. ஆனால் திரும்பி வந்தவர்கள் குலத்தலைவர்களாக வரவில்லை, நிலச்சொந்தக்காரர்களாக வந்தார்கள். இப்போது அவர்களுக்குப் படைவீரர்கள் தேவையில்லை, வாடகைதான் தேவை. நூறு குடும்பங்கள் கொடுக்கும் வாடகையைவிடத் தெற்கிலிருந்து வரும் ஒரு செம்மறிப் பண்ணைக்காரர் கூடுதலாகக் கொடுத்தார். பள்ளத்தாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாகின. 1802 ஜூலையில் ஆர்ச்சிபோல்ட் மக்மில்லன் என்பவரின் தலைமையில் 400 இற்கும் மேற்பட்டவர்கள் மூன்று கப்பல்களில் ஃபோர்ட் வில்லியத்திலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டார்கள். கோர்பாக் கரையில் நின்றவர்கள் அந்தப் பாய்மரங்களைப் பார்த்திருக்கலாம்.

அந்தக் காலத்தில்தான் அரசாங்கம் டெல்போர்டை மலைநாட்டுக்கு அனுப்பியது. 1801 இலும் 1802 இலும் அவர் மழையிலும் பனியிலும் குதிரைமேல் ஊர் ஊராகத் திரிந்தார். தெருக்கள், பாலங்கள், துறைமுகங்கள் எங்கே வேண்டும் என்று பார்க்கவேண்டும் என்பது உத்தரவு. மக்கள் ஏன் வெளியேறுகிறார்கள் என்பதும் கேட்கப்பட்டிருந்தது.

அவர் கொடுத்த அறிக்கை நேர்மையானது. பெரிய நிலப்பரப்புகளைச் செம்மறிப் பண்ணைகளாக மாற்றுவதே வெளியேற்றத்தின் முதன்மையான காரணம் என்று எழுதினார். கடந்த ஓராண்டில் ஏறத்தாழ 3,000 பேர் போய்விட்டதாகவும், அதைப்போல மூன்று மடங்கினர் புறப்பட ஆயத்தமாவதாகத் தனக்குச் சொல்லப்பட்டதாகவும் குறிப்பிட்டார். மலைகளில் ஆடு வளர்ப்பதே நாட்டுக்கு இலாபம் என்ற வாதத்தையும் எடுத்துச் சொன்னார். ஒரு பகுதியின் மக்கள் எல்லோரையும் ஒரேயடியாகச் சொந்த மண்ணிலிருந்து துரத்துவது பெரும் துன்பம், அநீதியென்றே சொல்லத்தக்கது என்ற மறுவாதத்தையும் பக்கத்திலேயே வைத்தார். அவர் இடையனின் மகன். ஆடு மேய்ப்பவர்களை வெறுக்க அவருக்குக் காரணமில்லை. ஆனால் ஆட்டுக்காக மனிதரை அகற்றுவதன் பொருள் அவருக்கு விளங்கியது.

நோயைச் சரியாகச் சொன்னவர் பரிந்துரைத்த மருந்து, அபிவிருத்தி வேலை. தெருவும் கால்வாயும் வெட்டினால் மக்களுக்குக் கூலி கிடைக்கும், தொழில் பழகுவார்கள், ஊரைவிட்டுப் போகமாட்டார்கள் என்பது அவருடைய கணிப்பு. நிலம் யாரிடம் இருக்கவேண்டும் என்ற கேள்வியை அந்தத் திட்டம் தொடவில்லை. நாடாளுமன்றமும் தொட விரும்பவில்லை. அங்கே நிலச்சொந்தக்காரர்களே இருந்தார்கள்.

1803 இல் நாடாளுமன்றம் இரண்டு காரியங்களைச் செய்தது. ஒன்று, கலிடோனியன் கால்வாய்க்கான சட்டம். மற்றையது, பயணிகள் கப்பல்கள் பற்றிய சட்டம். கப்பலில் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு இடம், இவ்வளவு உணவு என்று அது விதித்தது. பார்த்தால் மனிதாபிமானச் சட்டம். ஆனால் அதனால் கட்டணம் உயர்ந்து, ஏழைகள் கப்பலேற முடியாமல் போனது. கடற்பாசி எரிக்கும் தொழிலுக்கு மலிவான கூலியாட்கள் தேவைப்பட்ட நிலச்சொந்தக்காரர்கள் அந்தச் சட்டத்தை விரும்பி ஆதரித்தார்கள்.

கோர்பாக்கில் வெட்டிய பாறை

மலைநாட்டை ஒரு பெரும் பள்ளத்தாக்கு குறுக்காகப் பிளக்கிறது. அதில் நெஸ், ஓயிக், லொக்கி ஆகிய ஏரிகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றைக் கால்வாயால் இணைத்தால், வடகடலிலிருந்து அத்திலாந்திக் பக்கத்துக்குக் கப்பல்கள் நேராகப் போகலாம். வடமுனையின் புயற்கடலைச் சுற்றவேண்டியதில்லை. பிரான்சுடன் போர் நடந்த காலம் என்பதால் எதிரிக் கப்பல்களிடமிருந்தும் தப்பலாம். நீராவி இயந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட் 1773 இலேயே இந்தப் பாதையை அளந்து பார்த்திருந்தார். மொத்த நீளம் 60 மைல். அதில் 22 மைல் மனிதர் வெட்டவேண்டியது. வில்லியம் ஜெசொப் என்ற மூத்த பொறியியலாளர் ஆலோசகராக இருந்தார். மதிப்பீடு 350,000 பவுண், ஏழு ஆண்டுகள்.

கால்வாய் மேடேறி இறங்கவேண்டும். அதற்கு நீர்ப்பூட்டுகள் தேவை. இரண்டு கதவுகளுக்கு நடுவே கப்பலை நிறுத்தி, கதவுகளை மூடி, நீரை நிரப்பினால் கப்பல் மேலே எழும், வடித்தால் கீழே இறங்கும். அப்படி 29 நீர்ப்பூட்டுகள் கட்டப்பட்டன. கோர்பாக்கிலிருந்து சற்று உள்ளே, பனவி என்ற இடத்தில், எட்டுப் பூட்டுகள் படிக்கட்டுப் போல ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. போரால் ஓக் மரம் கிடைக்காமல் போனதால் பல பூட்டுகளுக்கு வார்ப்பிரும்புச் சட்டங்களில் கதவு செய்தார்கள்.

கோர்பாக் மேற்கு வாசல். அங்கே கடலுக்குள் இறங்கும் பூட்டையும், கப்பல்கள் காத்து நிற்கும் தடாகத்தையும் பாறையில் வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. முதலில் கடலைத் தடுத்து அணை போட்டார்கள். உள்ளே ஊறிய நீரை நீராவி இயந்திரம் இரவு பகலாக இறைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே பாதையை அளந்த வாட்டின் நிறுவனம் செய்த இயந்திரம் அது. வெடிமருந்து வைத்துப் பாறையை உடைத்தார்கள். கிழக்கு வாசலான கிளக்னகரியில் சிக்கல் நேர்மாறானது. அங்கே பாறையே இல்லை, ஆழமான சேறு. சேற்றின்மேல் மண்ணும் கல்லும் கொட்டி, பல மாதங்கள் அமிழ விட்டு, இறுகிய பிறகு அதற்குள் பூட்டைத் தோண்டினார்கள்.

கிழக்குப் பகுதிக்கு டெல்போர்ட் நியமித்தவர் மத்தியூ டேவிட்சன், லாங்கத்தில் அவரோடு கல் செதுக்கிய பழைய கூட்டாளி. கோர்பாக்குக்கு ஜோன் டெல்போர்ட். பெயர் ஒற்றுமை தவிர இருவருக்கும் உறவில்லை. குளிரிலும் ஈரத்திலும் நாலு ஆண்டுகள் உழைத்த ஜோன் டெல்போர்ட் 1807 இல் இறந்தார். கோர்பாக்கிலுள்ள கில்மலி தேவாலய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கோர்பாக் என்ற பெயருக்கே பிணங்களின் இடம் என்று பொருள் சொல்வார்கள். பழைய நாளில் தலைவர்களின் உடல்களை அயோனா தீவுக்குக் கொண்டுபோகும் வழியில் இங்கே இறக்கி வைத்தார்களாம்.

மண் வெட்டியவர்கள் யார்? ஸ்கை தீவிலிருந்தும் மேற்குக் கரைக் கிராமங்களிலிருந்தும் வந்த கேலிக் பேசும் மக்கள். நிலத்தை இழந்தவர்கள், இழந்துகொண்டிருந்தவர்கள். புற்கட்டியால் கட்டிய குடிசைகளில் தங்கினார்கள். ஒரு நாள் கூலி ஒன்றரைச் சிலிங். விஸ்கியை விட்டு பியர் குடிக்கட்டும் என்று நிர்வாகம் கோர்பாக்கில் ஒரு வடிசாலையே அமைத்தது. கூலி கொடுத்தபோதும் அவர்கள் ஆண்டு முழுவதும் நின்று வேலை செய்யவில்லை. ஹெரிங் மீன் வரும் காலத்தில் கடலுக்குப் போனார்கள். கரி மண் வெட்டும் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் ஊருக்குப் போனார்கள். மேற்பார்வையாளர்கள் சோம்பேறிகள் என்று குறைப்பட்டார்கள். உண்மையில், கையிலிருந்த சிறு துண்டு நிலத்தையும் கடலையும் விட்டுவிட்டுக் கூலியை மட்டும் நம்ப அவர்கள் துணியவில்லை. கால்வாய் வேலை ஒரு நாள் முடிந்துபோகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இழப்பீடு கிடைத்தவர்களும் உண்டு. கால்வாய் தன் நிலத்தினூடாகப் போகிறது என்பதற்காக கிளெங்கரியின் பிரபு பெருந்தொகை கேட்டு வாதாடினார். ஆட்களோடு வந்து வேலையைத் தடுத்தார். பணமும் பெற்றார். அவருடைய நிலத்திலிருந்து அகற்றப்பட்ட குடியானவர்களுக்கு அப்படி எதுவும் கொடுக்கப்படவில்லை.

திறந்தபோது

ஏழு ஆண்டுகள் என்று சொன்ன வேலை பத்தொன்பது ஆண்டுகள் எடுத்தது. செலவு 9 இலட்சம் பவுணைத் தாண்டியது. போர்க்கால விலையேற்றமும் எதிர்பாராத பாறையும் சேறும் காரணங்கள். 1822 ஒக்டோபரில் முதற் கப்பல் இன்வர்னெஸிலிருந்து புறப்பட்டு, இரண்டாம் நாள் மாலை மேற்குக் கடலை அடைந்தது. பீரங்கி முழங்கியது, விருந்து நடந்தது. ஆனால் 20 அடி ஆழம் என்று திட்டமிட்ட கால்வாய் ஏறத்தாழ 14 அடியோடு திறக்கப்பட்டிருந்தது. பிரான்சுடனான போர் 1815 இலேயே முடிந்துவிட்டது. கப்பல்கள் பெருத்துக்கொண்டிருந்தன. எதிர்பார்த்த வருமானம் வரவேயில்லை. 1840 களில் கால்வாயை மூடித் திருத்தி, 1847 இல் மீண்டும் திறக்க வேண்டியதாயிற்று.

மக்களும் நிற்கவில்லை. கால்வாய் வெட்டப்பட்ட அதே ஆண்டுகளில் வடக்கே சதர்லாந்தில் பள்ளத்தாக்குகள் வெறுமையாக்கப்பட்டு வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. டெல்போர்ட் பதினெட்டு ஆண்டுகளில் மலைநாட்டில் 900 மைலுக்கு மேற்பட்ட தெருக்களையும் 1,000 இற்கும் மேற்பட்ட பாலங்களையும் போட்டார். செலவில் பாதி அரசினது, பாதி நிலச்சொந்தக்காரர்களது. நல்ல தெருக்கள். மருத்துவரும் தபாலும் அந்தத் தெருக்களால் வந்தார்கள். ஆட்டு மந்தைகளும் அந்தத் தெருக்களால் வந்தன. வெளியேறியவர்களும் துறைமுகத்துக்கு அவற்றின் வழியே நடந்தார்கள்.

டெல்போர்டைக் கொடியவர் என்று சொல்ல முடியாது. அவர் தன் வேலைக்குக் குறைந்த ஊதியமே வாங்கினார். அரசியல் பேசுவதில்லை. வடக்கே விக் நகருக்கு அருகில் புல்ற்னிரவுன் என்ற மீனவர் குடியிருப்பை அமைத்தார். நிலமிழந்த பலருக்கு அது வாழ்விடமானது. 1819 இல் கவிஞர் ரொபேர்ட் சதி அவரோடு மலைநாட்டைச் சுற்றி வந்தார். அவருடைய எளிமையையும் சிரிப்பையும் கண்டு வியந்து, நெருங்கிய நண்பரானார். 1820 இல் குடிசார் பொறியியலாளர் நிறுவனத்தின் முதல் தலைவரானார். 1826 இல் வேல்ஸில் மெனாய் தொங்குபாலத்தைத் திறந்தார். சுவீடன் அரசர் வீரப்பட்டம் கொடுத்தார். அதைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளவில்லை.

திருமணம் செய்யவில்லை. வாழ்நாளில் பெரும்பகுதி விடுதிகளிலும் குதிரை வண்டிகளிலும் கழிந்தது. கடைசிக் காலத்தில் காது கேட்பது குறைந்தது. 1834 செப்டெம்பர் 2 ஆம் திகதி லண்டனில் இறந்தார். வெஸ்ற்மின்ஸ்ரர் அபேயில், அரசர்களும் புகழ்பெற்றவர்களும் கிடக்கும் இடத்தில், அடக்கம் செய்தார்கள். உயிலில் நண்பர்களை நினைத்திருந்தார். லாங்கத்துக்கும் தான் பிறந்த வெஸ்ற்ர்கேர்க் ஊருக்கும் நூலகங்களுக்கென்று ஆயிரம் பவுண் வீதம் விட்டுச் சென்றார். சுரங்கத் தொழிலாளர் தொடங்கிய வெஸ்ற்ர்கேர்க் நூலகம் அந்தப் பணத்தில் வளர்ந்தது. இரவல் புத்தகத்தில் படித்த பையன் கடனை அடைத்துவிட்டான்.

கோர்பாக் தடாகம் பிறகு பலமுறை வேறு வேறு தேவைகளுக்குப் பயன்பட்டது. முதலாம் உலகப் போரின் கடைசி ஆண்டில், வடகடலில் விதைப்பதற்கான அமெரிக்கக் கடற்கண்ணிகள் இங்கே இறக்கப்பட்டு, கால்வாய் வழியே கிழக்குக்குக் கொண்டுபோகப்பட்டன. பின்னர் மீன்பிடிப் படகுகள். இப்போது பெரும்பாலும் உல்லாசப் பயணிகள். அவர்கள்தான் நாம் பார்க்கும் படங்களை எடுக்கிறார்கள்.

அந்தப் படங்களை இப்போது மீண்டும் பார்க்கிறேன். தடாகத்தின் விளிம்பில் ஒவ்வொரு கல்லும் சீராகச் செதுக்கப்பட்டிருக்கிறது. இருநூறு ஆண்டுகளாக நீரைத் தாங்கி நிற்கிறது. கட்டியவர் கெட்டிக்காரர், நேர்மையானவர். மக்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்டு, சரியான பதிலை எழுதிக் கொடுத்தவர். அவருக்கு அபேயில் கல்லறை உண்டு. ஜோன் டெல்போர்டுக்குத் தடாகத்துக்கு அருகில் கல்லறை உண்டு. பாறையை வெட்டிய ஸ்கை தீவுக்காரர்களில் எத்தனை பேர் அந்த வேலை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள், திரும்பியபோது வீடு இருந்ததா என்று எந்தப் படத்திலும் தெரியவில்லை. பென் நெவிஸின் அடிவாரத்தில், நீருக்கு அப்பால், ஃபோர்ட் வில்லியத்தின் கரை தெரிகிறது. 1802 இல் கப்பல்கள் புறப்பட்ட கரை அது.